லேக்கர்ஸின் தலைசிறந்த கோச் யார்? என் வாக்கு பாட் ரைலிக்கு

"லேக்கர்ஸ் வரலாற்றிலேயே சிறந்த பயிற்றுவிப்பாளர் பில் ஜக்சன்தான். இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம். நீங்கள் மட்டும் ஏன் அண்ணா ஒத்துக்கொள்கிறீர்கள் இல்லை?" திருகோணமலையில் எங்களோடு கூடைப்பந்து விளையாடும் தம்பி ஒருவரின் கேள்வி இது. மைதானத்து ஓரத்தில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்க NBA லீக்கில் ஆடும் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் கோச்மாரில் என் தேர்வு பாட் ரைலி. ஏன் என்று சொல்கிறேன்.

ஜக்சனுக்கு இங்கே இவ்வளவு ஆதரவு இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டம் நமக்குக் காலை நேரம். 2010 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் அங்கே ஜூன் 17 வியாழன் இரவு, இங்கே வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் வெளிக்கிடுகிற நேரத்தில், பொஸ்டன் செல்டிக்ஸை லேக்கர்ஸ் 83–79 என்று வென்றதை நேரடியாகப் பார்த்த தலைமுறை இது. லேக்கர்ஸின் நட்சத்திரம் கோபி பிரையன்ட் அன்று 24 தடவை எறிந்து 6 மட்டுமே கூடைக்குள் போட்டார், ஆனால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 15 எடுத்தார். அப்படி ஓர் ஆட்டத்தை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தவனுக்கு அந்த அணியின் கோச்தான் கோச். ரைலி லேக்கர்ஸில் இருந்தது 1981 முதல் 1990 வரை. அந்த ஆண்டுகளில் திருகோணமலையில் இருந்தவர்களுக்கு இருந்த கவலைகள் வேறு. ரைலியின் ஆட்டங்களை இங்கே யாரும் பார்க்கவில்லை, அதனால் அவருக்காகப் பேசவும் ஆளில்லை. இப்போது அந்த ஆட்டங்களில் பலவற்றை இணையத்தில் முழுமையாகவே பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசினால் வாதம் வேறு மாதிரிப் போகும் என்பது என் நம்பிக்கை.

முதலில் கிண்ணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். லேக்கர்ஸ் மொத்தம் 17 தடவை சம்பியன். ஜோன் குண்ட்லா 5, பில் ஜக்சன் 5, பாட் ரைலி 4. பில் ஷார்மன், போல் வெஸ்ட்ஹெட், ஃபிராங்க் வோகல் ஆளுக்கு ஒன்று. பதினேழும் இந்த ஆறு பேருக்குள் அடங்கிவிடுகிறது. கிண்ணத்தை எண்ணித்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றால் ஜக்சனும் குண்ட்லாவும் சமம். ஆனால் குண்ட்லாவுக்கு இங்கே ஒருவர்கூட வாக்களிப்பதில்லை. அப்படியென்றால் நாம் யாருமே உண்மையில் கிண்ணத்தை மட்டும் எண்ணவில்லை. வேறு எதையோ வைத்துத்தான் தீர்மானிக்கிறோம், அது என்ன என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

கிழக்கு மாகாணத்துக்காரருக்கு இது புரியாத விஷயமும் அல்ல. இந்தப் பக்கத்தில் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியதில் அமெரிக்க இயேசு சபைக் குருமாருக்குப் பெரிய பங்கு உண்டு. லூசியானாவிலிருந்து வந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது எத்தனை கிண்ணம் எடுத்துக் கொடுத்தார் என்றா முதலில் கேட்கிறோம்? பிள்ளைகளை எப்படி வைத்திருந்தார், எப்படி ஆளாக்கினார் என்றுதான் கேட்கிறோம். அதே கேள்வியை லேக்கர்ஸுக்கும் கேட்கலாம்.

லேக்கர்ஸுக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை ஆரம்பத்திலிருந்தே உண்டு. அந்த அணியில் எப்போதும் ஒரு மாபெரும் வீரர் இருப்பார். அவருக்கு வயது போகும் நேரத்தில் இன்னொரு மாபெரும் வீரர் பக்கத்திலேயே தயாராக நிற்பார். மூத்தவர் கையிலிருக்கும் சாவிக்கொத்து எந்த நாளில், எந்த விதத்தில் இளையவர் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது கோச்சின் வேலை. மூத்தவரின் மானமும் போகக்கூடாது, அணியும் தோற்கக்கூடாது. இந்த இடத்தில்தான் லேக்கர்ஸ் கோச்மார் வென்றார்கள், இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். நான் அவர்களை நிறுக்கிற தராசு இதுதான்.

குண்ட்லாவை இந்தத் தராசில் வைக்கவே முடியாது. அணி மினியாபொலிஸில் இருந்த காலம் அது. 1949, 1950, 1952, 1953, 1954 என்று ஐந்து சம்பியன் பட்டம். ஜோர்ஜ் மைக்கன் என்ற, கூடைக்கருகே ஆடும் உயரமான சென்டரை அடக்க வழி தெரியாமல், கூடைக்குக் கீழே உள்ள பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கி 1951இல் சட்டத்தையே மாற்றினார்கள். அதற்குப் பிறகும் குண்ட்லா தொடர்ந்து மூன்று வருடம் வென்றார் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 24 வினாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் வருவதற்கு முந்தைய ஆட்டம் அது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி லேக்கர்ஸை 19–18 என்று வென்ற ஆட்டம்கூட உண்டு. முழு ஆட்டத்தின் புள்ளியே அவ்வளவுதான்! மைக்கன் விலகிய பிறகு குண்ட்லாவுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. பெரியவர், 101 வயதுவரை வாழ்ந்தார், மரியாதை தருகிறேன். ஒப்பிட மட்டும் முடியவில்லை.

1960இல் அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. அதன் பிறகு பத்து வருடம் ஒரே வேதனை. ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்று இரண்டு மேதைகள் இருந்தும் இறுதித் தொடரில் செல்டிக்ஸிடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். 1968இல் வில்ட் சேம்பர்லைனையும் கொண்டுவந்தார்கள். 1969 இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், சொந்த மைதானம். கடைசிக் கட்டத்தில் சேம்பர்லைன் முழங்கால் வலியோடு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்ப இறக்கச் சொல்லிக் கேட்டார். கோச் பூச் வான் பிரெடா கோல்ஃப் மறுத்துவிட்டார். இருவருக்கும் சீசன் முழுக்க ஒத்துப்போகவில்லை. 108–106 என்று இரண்டு புள்ளியில் தோல்வி. ஒரு கோச்சின் வீம்பு எவ்வளவு பெறுமதி என்று தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு புள்ளிதான்.

1971இல் வந்த பில் ஷார்மனைப் பற்றி நம் பெடியள் அதிகம் கதைப்பதில்லை. எனக்கு அவர் இரண்டாவது இடம். ஜக்சனுக்கும் மேலே. ஷார்மன் முன்னாள் செல்டிக்ஸ் வீரர், அதாவது எதிரி வீட்டுப் பிள்ளை. இன்று எல்லா அணிகளும் ஆட்ட நாளன்று காலையில் ஒன்றுகூடி மெதுவாக எறிந்து பழகுகின்றனவே, அந்த வழக்கத்தை இந்த லீக்கில் நிலைநிறுத்தியவர் அவர்தான். இரவில் விழித்திருந்து பகலில் தூங்கும் சேம்பர்லைனைக் காலையில் மைதானத்துக்கு வரவைத்ததே ஒரு சாதனை. ஒரு காலத்தில் சீசன் முழுவதும் ஆட்டத்துக்கு சராசரி 50 புள்ளி எடுத்த மனிதர் சேம்பர்லைன். ஷார்மனிடம் 15க்கும் குறைவாக எடுத்தார். ரீபவுண்டும் தடுப்பும் உன் வேலை, புள்ளியை வெஸ்ட்டும் குட்ரிச்சும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மலையிடம் சொன்னார், மலை தலையாட்டியது.

பெய்லர் விஷயம்தான் கடினமானது. வயது 37, முழங்கால் போய்விட்டது. ஜிம் மக்மில்லியன் என்ற இளைஞரை அவருடைய இடத்தில் ஆரம்பத்திலிருந்து ஆடவைக்கப் போகிறேன் என்று ஷார்மன் நேரே சொன்னார். பெஞ்ச்சில் உட்காருவதைவிட விலகுவதே மேல் என்று பெய்லர் சீசனின் ஒன்பதாவது ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்கள் வென்றது. 1971 நவம்பர் 5 தொடங்கி, 1972 ஜனவரி 9ஆம் திகதி மில்வோக்கியில் தோற்கும்வரை ஒரு தோல்விகூட இல்லை. அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. 69 வெற்றி, 13 தோல்வி என்று சீசனை முடித்து, லொஸ் ஏஞ்சல்ஸுக்கு முதல் சம்பியன் பட்டம். கத்திக் கத்தி ஷார்மனின் குரல் நாண்கள் பழுதாகி, பிற்காலத்தில் அவருக்குக் குரலே சரியாக எழவில்லை.

ஷார்மன் அணியை வெல்லவைத்தார். ஆனால் பெய்லர் என்ற மனிதர் அந்தக் கிண்ணத்தை வீரராகத் தொடவில்லை. அந்த 1972 அணியின் பெஞ்ச்சில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் வீரரின் பெயர் பாட் ரைலி.

ரைலி கோச் ஆனதற்கு முன்னால் ஒருவரைக் குறிப்பிடாமல் போனால் அநியாயம். 1979இல் லேக்கர்ஸின் வேக ஆட்டத்தை வடிவமைத்தவர் ஜக் மக்கின்னி. மஜிக் ஜோன்சன் என்ற இளம் வீரர் வந்த முதல் சீசன். பதின்மூன்று ஆட்டங்கள்தான் நடத்தினார். நவம்பர் மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம். பொறுப்பை எடுத்த உதவிக் கோச் வெஸ்ட்ஹெட் 1980இல் கிண்ணத்தை வென்றார். 1981 நவம்பரில் வெஸ்ட்ஹெட்டை நீக்கியபோது, முன்பு வானொலி வர்ணனை செய்துகொண்டிருந்த ரைலி கைக்கு அணி வந்தது. "ரைலி ரெடிமேட் அணியை எடுத்துக்கொண்டவர்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். உண்மைதான். அந்த முதல் வருடமே 1982இல் வென்றதற்கு நான் ரைலிக்கு அதிக மதிப்பெண் போடமாட்டேன். என் வாதம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

1985க்குப் போவோம். அதுவரை இறுதித் தொடரில் செல்டிக்ஸை எட்டு தடவை சந்தித்து எட்டிலும் தோற்றிருந்தது லேக்கர்ஸ். ஒன்பதாவது சந்திப்பின் முதல் ஆட்டம் பொஸ்டனில், 148–114 என்று அவமானத் தோல்வி. அணியின் மூத்த நட்சத்திரமான சென்டர் கரீம் அப்துல் ஜபாருக்கு அப்போது 38 வயது. 12 புள்ளி, 3 ரீபவுண்ட். ஓடவே முடியாத கிழவர் என்று எழுதித் தள்ளினார்கள். ரைலி என்ன செய்தார்? தோற்ற ஆட்டத்தின் படத்தைப் போட்டு, அணி முழுவதையும் உட்காரவைத்து, ஒவ்வொரு பிழையையும் திரும்பத் திரும்பக் காட்டினார். கரீமுக்கும் சலுகை இல்லை. கரீம் பின்னால் ஒளியவில்லை, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, இரண்டாவது ஆட்டத்துக்குப் புறப்படும்போது, தன் தந்தையும் அணியின் பஸ்ஸில் வரலாமா என்று கரீம் கேட்டார். வீரர்களையும் கோச்மாரையும் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது என்பதில் ரைலி கடும் பிடிவாதக்காரர். அன்று சம்மதித்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் கரீம் 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து), 3 தடுப்பு. லேக்கர்ஸ் 109–102 என்று வென்றது. தொடரை ஆறாவது ஆட்டத்தில், பொஸ்டன் மைதானத்திலேயே முடித்தார்கள். அந்த மைதானத்தில் வந்து சம்பியன் பட்டத்தை எடுத்துப் போன முதல் வெளியூர் அணி அதுதான். சபையில் கண்டிக்கவும் தெரிய வேண்டும், எந்தச் சட்டத்தை எப்போது தளர்த்த வேண்டும் என்றும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே தொடரில், ஒரே மனிதரிடம் செய்து காட்டினார் ரைலி.

சரி, மூத்தவரை எழுப்பிவிட்டார். சாவிக்கொத்து இன்னும் கரீமிடமே இருந்தது. 1986இல் ஒலாஜுவான், சாம்ப்சன் என்ற இரண்டு உயர்ந்த இளைஞர்களை வைத்துக்கொண்டு ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் லேக்கர்ஸை ஆட்டக் கணக்கில் 4–1 என்று வெளியேற்றியது. எதிலும் முதலில் கரீமுக்குப் பந்தைக் கொடுத்துத் தொடங்குகிற ஆட்டம் இனிச் சரிவராது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ரைலி அடுத்த சீசனில் அணியின் தாக்குதலை மஜிக் ஜோன்சன் கையில் ஒப்படைத்தார். அதுவரை மற்றவர்களுக்குப் பந்து கொடுப்பதையே முதல் வேலையாக வைத்திருந்த மஜிக்கிடம், இனி நீயும் எறிந்து புள்ளி எடுக்க வேண்டும் என்று சொன்னார். மஜிக்கின் சராசரி 23.9 ஆனது, முதல் தடவையாக லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை வென்றார். கரீமின் சராசரி 23.4இலிருந்து 17.5க்கு இறங்கியது. அணிக்கு 65 வெற்றி, 17 தோல்வி.

இங்கே கவனியுங்கள். கரீம் விலகவில்லை, முறைப்பட்டுக்கொண்டு வேறு அணிக்குப் போகவில்லை. நாற்பது வயதில் அதே அணியில், இரண்டாம் இடத்தில், தொடர்ந்து சென்டராக ஆடினார். 1987 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், மறுபடியும் பொஸ்டன். செல்டிக்ஸ் 106–105 என்று முன்னால் நிற்க, கடைசி வினாடிகளில் பந்து மஜிக்கிடம் வந்தது. நெடிய மக்ஹேலும் பரிஷும் கையை உயர்த்திப் பாய்ந்து வர, அவர்களுக்கு மேலால் மஜிக் எறிந்தது, ஒரு கையைத் தலைக்கு மேலே வளைத்து எறியும் கரீமின் பெயர்போன ஸ்கை ஹூக். மூத்தவருடைய ஆயுதத்தாலேயே இளையவர் ஆட்டத்தை 107–106 என்று முடித்தார். அந்த எறிதலை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. கைமாற்றம் முழுமையாக முடிந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த வெற்றி ஊர்வலத்திலேயே, அடுத்த வருடமும் வெல்வோம், உத்தரவாதம் தருகிறேன் என்று ரைலி அறிவித்தார். 1969க்குப் பிறகு எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றிருக்கவில்லை. 1988இல் யூட்டா, டலஸ், டெட்ரோய்ட் என்று மூன்று தொடர்களிலும் ஏழாவது ஆட்டம்வரை இழுபட்டு வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஜேம்ஸ் வொர்தி 36 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். மூன்றாவது ஆளின் நாளும் வந்தது!

ரைலியிடம் குறை இல்லையா? இருக்கிறது. 1989 இறுதித் தொடருக்கு முன்னால் கடும் பயிற்சி முகாம் வைத்தார். பைரன் ஸ்கொட்டின் தொடைத் தசை கிழிந்தது, தொடருக்குள் மஜிக்குக்கும் அதே காயம். டெட்ரோய்ட்டிடம் 4–0. கரீமின் கடைசித் தொடர் அப்படி முடிந்தது வருத்தம். அடுத்த வருடம் ரைலி விலகும்போது வீரர்கள் அவருடைய கெடுபிடியில் களைத்துப் போயிருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துப் பேச வேண்டிய தேவை எனக்கு இல்லை.

இப்போது ஜக்சன். அவருக்கான மிகப் பலமான வாதத்தை நானே சொல்கிறேன். ஷக் என்று அழைக்கப்படும் ஷகீல் ஓனீலும் கோபியும் இருந்த அணி 1998இல் யூட்டாவிடம் 4–0, 1999இல் சான் அன்டோனியோவிடம் 4–0. ஜக்சன் வந்தார், தன் உதவிக் கோச் டெக்ஸ் வின்டரின் முக்கோணத் தாக்குதல் என்ற ஆட்டமுறையைக் கொண்டுவந்தார், முதல் சீசனிலேயே 67 வெற்றி, சம்பியன். பிறகு 2001, 2002. 2001இல் சீசனுக்குப் பிறகு வரும் பிளேஓஃப் தொடர்களில் 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அதே இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களால் முடியாததை அவர் செய்தார். இதை மறுப்பவன் விளையாட்டுத் தெரியாதவன்.

ஆனால் கைமாற்றம்? ஷக்கிடமிருந்து கோபிக்குச் சாவி போக வேண்டிய நாள் வந்தபோது அணி உடைந்தது. 2004இல் டெட்ரோய்ட்டிடம் 4–1 என்று தோற்ற கையோடு ஜக்சன் போனார், ஷக்கை மியாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜக்சன் அதன் பிறகு எழுதிய நூலில் கோபியைக் கடுமையாக விமர்சித்தார். குற்றம் முழுவதும் ஜக்சனுடையது இல்லை. கோபியும் ஷக்கும் பிடிவாதக்காரர்கள், நிர்வாகமும் தன் பங்குக்குச் செய்தது. இருந்தாலும் அந்த வீட்டுக்குள் ஐந்து வருடம் பெரியவராக இருந்தவர் அவர்தானே.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மியாமிக்குப் போன ஷக் 2006இல் நான்காவது தடவை சம்பியன் ஆனார். அந்த அணியில் முதல் ஆள் அவர் இல்லை, டுவெயின் வேட் என்ற இளைஞர். கோச் யார்? பாட் ரைலி. அது லேக்கர்ஸ் கணக்கில் வராது என்பது சரிதான். ஷக்குக்கு வயதும் கூடியிருந்தது, வேட்டும் கோபி மாதிரி ஆள் இல்லை. ஆனாலும் ஒரே மூத்த வீரர் ஒரு வீட்டில் சண்டை பிடித்து வெளியேறி, இன்னொரு வீட்டில் இரண்டாவது இடத்தில் இருந்து வென்றார் என்பதை நான் தற்செயல் என்று ஒதுக்கமாட்டேன்.

2005இல் ஜக்சன் திரும்பி வந்து, தான் விமர்சித்த அதே கோபியோடு சமாதானமாகி, பாவ் கசோலைச் சேர்த்துக்கொண்டு 2009, 2010 என்று வென்றதுதான் அவருடைய உண்மையான பெருமை என்று எனக்குப் படுகிறது. முதல் மூன்று பட்டங்களைவிட இந்த இரண்டுக்குத்தான் நான் அதிக மதிப்பு வைக்கிறேன். 2008இல் செல்டிக்ஸ் 131–92 என்று நசுக்கிய அணியை இரண்டு வருடத்தில் அதே செல்டிக்ஸை வெல்லவைத்தார். அந்த வெள்ளிக்கிழமைக் காலையை நேசிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சீசன் ஆட்டங்களின் கணக்கும் கேட்பீர்கள். லேக்கர்ஸில் ரைலி 533 வெற்றி, 194 தோல்வி. ஜக்சன் 610 வெற்றி, 292 தோல்வி. நூற்றுக்கு 73க்கு எதிராக 68 மட்டில். இறுதித் தொடருக்கு இருவரும் ஏழு தடவை போனார்கள். ரைலிக்கு அதற்கு ஒன்பது சீசன், ஜக்சனுக்குப் பதினொன்று. வோகலின் 2020 பட்டத்தைச் சிலர் கொரோனாக் காலக் கிண்ணம் என்று தள்ளுவது பிழை, அடைபட்டுக் கிடந்து ஆடியது லேசான காரியம் இல்லை. ஆனால் ஒரே ஒரு பட்டத்தோடு இந்த வரிசையில் மேலே வர முடியாது.

இனி உங்கள் முறை, தம்பி. 1985 இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், பிறகு 1987இன் நான்காவது ஆட்டம். மூன்றிலும் பந்தைப் பார்க்க வேண்டாம், கரீம் எங்கே நிற்கிறார், யாருக்கு வழி விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு 2004 டெட்ரோய்ட் தொடரில் ஷக்கையும் கோபியையும் அதே கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டும் ஜக்சன்தான் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.